ஒன்றில் தூக்குகிறவர்கள்

ஜுஃபைர், பதினோராம் மாடி.
கப்பலில் போகும் பொருள் நூற்று அறுபத்திரண்டு,
போகாதது ஒன்று:
இசைத்தட்டுப் பெட்டி, விளிம்பு நைந்தது, ஈரம் பட்டது.
எடை கூடுமாம். எறிந்துவிடச் சொல்லிக்
கையெழுத்துப் போட்டுவிட்டு விமானம் ஏறினார் வீட்டுக்காரர்.
கூடவே ஒரு சுழற்றி. மூடி இல்லை.

எறியவேண்டியதை எறியாமலிருப்பதும்
எங்கள் வேலையில் ஓர் அலவன்ஸ்.

குதைபியாவில் எங்கள் அறைக்கு ஆறு கட்டில், ஒரு பிளக்.
அரிசிக் குக்கர் இறங்கிய பிறகுதான் பாட்டு.
ஊசி துள்ளியது. அதன் தலையில்
இருபத்தைந்து ஃபில்ஸ் காசை டேப் போட்டு ஒட்டினான் பூவரசன்.
அதற்குப் பிறகு துள்ளியது நாங்கள்தான்.

ஏழு தட்டு. ஏழிலும் ஒரே ஆள்:
கார்வெல் டிக்ஸ், அவனுடைய பதினோரு பேர்.
அட்டையில் வெள்ளைக் கோட்டு, முழங்கால் மேடையில்,
நெற்றியில் விளக்கு வெளிச்சம் எண்ணெயாய் வழிகிறது.
பாடுகிறான் என்று சொல்லமுடியாது, ஏவுகிறான்.
ஓர் உறுமல்: பித்தளையெல்லாம் எழுந்து நிற்கிறது.
ஒரு "ஹா": அத்தனையும் அடங்கி
பேஸ் கிதார் மட்டும்
பூட்டிய வீட்டுக்குள் யாரோ நடப்பதுபோல.

இங்கிலீஷ் பாதி புரியவில்லை. எண்ணிக்கை புரிந்தது.
நாங்கள் மூன்றில் தூக்குகிற ஆட்கள்.
ஒன்று, ரெண்டு என்று மூச்சைப் பிடித்து
மூன்றில்தான் ஃப்ரிட்ஜ் தரையை விடும்.
இவர்கள் ஒன்றிலேயே தூக்கிவிடுகிறார்கள்.
ரெண்டு, மூன்று, நாலு எல்லாம்
தூக்கியதைச் சுமந்துகொண்டு இடுப்பை ஆட்டுவதற்கு.

"இது எப்படிய்யா முடியும்" என்றார் செய்யது மீரான்,
முதுகுப் பட்டையை அவிழ்த்தபடி.
மறுபடி போடச் சொன்னார்.

மூன்றாம் தட்டின் பின்னட்டையில் ஒரு படம்.
டிக்ஸ் நமக்கு முகம் காட்டுகிறான்,
இடக்கை மட்டும் முதுகுப் பக்கம், ஐந்து விரலும் விரிய,
பின்னால் வாசிக்கிறவர்களுக்கு.
ஏதோ உற்சாகம் என்று நினைத்திருந்தோம்.
பொடி எழுத்தைக் கைபேசியில் பெரிதாக்கிப் படித்தேன்:
தப்பாக ஊதினால் விரலுக்கு ஒரு டாலர்.
பாட்டை நிறுத்தாமலே காட்டுவானாம்,
சம்பளத்தில் மறக்காமல் பிடிப்பானாம்.

அறை கொஞ்ச நேரம் பேசவில்லை.
எங்கள் சூப்பர்வைசர் தங்கச்சனும்
உடைந்த பீங்கானுக்கு விரல்தான் காட்டுவார்.

பிறகு அதே தட்டைத் தோண்டித் தோண்டிக் கேட்டோம்.
இரண்டாம் பக்கம், நாலாவது பாட்டு.
ட்ரம்பெட் ஓர் இமை முந்தி வருகிறது.
ஒருமுறை காதில் பட்டுவிட்டால்
அப்புறம் அதுதான் கேட்கும்.
அட்டை முழுக்கத் தேடினேன், ஊதியவன் பேர் இல்லை.
அபராதமும் பிடித்தான், அந்தப் பிழையையும் விற்றான்.
இரவெல்லாம் அந்த இடத்துக்குக் காத்திருந்து
ஐந்து விரலை விரித்துச் சிரித்தோம்.

ஆகஸ்டில் ரிஃபாவில் ஒரு வில்லா.
கண்ணாடி பதித்த அலமாரி, வளைந்த படிக்கட்டு,
கையுறைக்குள் கொதிநீராய் வியர்வை.
எண்ணும் முறை என்னுடையது.
"ஒன்று" என்றேன்.
தூக்கிவிட்டேன்.
மற்ற மூவரும் இன்னும் மூச்சைக்கூடப் பிடிக்கவில்லை.

கண்ணாடியில் மேலிருந்து கீழாக ஒரு கோடு.
இந்தப் பக்கம் ஒரு தங்கச்சன், அந்தப் பக்கம் ஒரு தங்கச்சன்.
வாயைத் திறக்கவில்லை அவர்.
ஐந்து விரலைக் காட்டினார், யோசித்தார்,
இன்னொரு கையையும் எடுத்தார்.

பத்து தினார்.

இரவு குக்கர் இறங்கியது.
இரண்டாம் பக்கம், நாலாவது பாட்டு.
பேர் தெரியாதவன் வந்தான், ஓர் இமை முந்தி,
எல்லாருக்கும் முன்னால் தனியாக,
பாரம் முழுக்க அவன் கையில்.
யாரும் விரலை விரிக்கவில்லை.

பூவரசன் பக்கத்துக் கட்டிலிலிருந்து எட்டி
காசு ஒட்டிய ஊசியைத் தூக்கி
ஒரு விரற்கடை பின்னால் வைத்தான்.